சுவரில் தொங்கும் ராஜ பரம்பரை

கேள்வி: என் மகன் டப்ளினில் வேலை பார்க்கிறான். அவன் குடியிருக்கும் வீட்டு ஓனர் பெயர் கென்னடி. மூன்று தலைக்கவசம் போட்ட குலச்சின்னத்தைக் கூடத்தில் மாட்டிவைத்து, "எங்களுடையது ஆயிரம் வருஷ ராஜ பரம்பரை, அமெரிக்க ஜனாதிபதி கென்னடியும் எங்க ஆள்தான்" என்கிறாராம். நம்பலாமா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: பெயருக்கு ராஜ பரம்பரை உண்டு. ஓனருக்கு உண்டா என்பது தனி வழக்கு.

1014-ல் குளோன்டார்ஃப் போரில் மாண்ட அயர்லாந்து மன்னர் பிரையன் போருவின் அப்பா பெயர் கென்னேட்டிக். பிரையனின் சகோதரர் ஒருவர், நம்மூர் வழக்கம்போலவே, தன் மகனுக்குத் தாத்தா பெயரை வைத்தார். அந்தப் பேரன் வழிவந்தவர்கள்தான் ஓ'கென்னடிகள். பின்னாளில், ஆங்கிலேயர் ஆட்சியில், முன்னால் இருந்த 'ஓ' கழன்றுவிட்டது. ஆக, மன்னரின் நேர் வாரிசுகள் ஓ'பிரையன்கள், கென்னடிகள் பங்காளிகள். பங்காளி உறவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? கிளேர் பகுதியில் இருந்த கென்னடிகளை ஓ'பிரையன்களும் மக்நமாரா என்ற இன்னொரு குலத்தாரும் நெருக்க, ஷானன் ஆற்றைத் தாண்டி வடக்குத் திப்பரரிக்குப் போய்விட்டார்கள். அங்கே ஆர்மண்ட் என்ற அந்த வட்டாரத்தின் பிரபுக்களாகப் பல தலைமுறை செல்வாக்கோடு இருந்தார்கள். விட்டுவந்த மண்ணில் கில்லோகென்னடி என்ற தேவாலயப் பங்கின் பெயர் மட்டும் மிச்சம்.

ஆனால் ஸ்காட்லாந்தின் ஏர்ஷயரில் இவர்களோடு ஒட்டுறவில்லாத இன்னொரு கென்னடி குலம் இருக்கிறது. வட அயர்லாந்துக் கென்னடிகளில் பலர் அங்கிருந்து வந்து குடியேறியவர்கள். பெயர் ஒன்றானால் ரத்தமும் ஒன்று என்றால், 1960-களில் ஜனாதிபதியின் நினைவாக நம் ஊரில் பெயர் சூட்டப்பட்ட கென்னடிகளும் திப்பரரியில் பாகம் கேட்கலாம்!

சின்னத்துக்கு வருவோம். அது தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. குடும்பப் பெயர் வைத்திருக்கும் எல்லோருக்கும் அல்ல. கடையில் பெயரைச் சொன்னால் எடுத்துத் தருவதைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம், குற்றமில்லை. அதையே பத்திரம் மாதிரி நீட்டினால்தான் சிரிப்பு வருகிறது. ஜான் எஃப். கென்னடிக்கே 1961 மார்ச் 17 அன்று, புனித பேட்ரிக் திருநாளில், அயர்லாந்துத் தூதர் புதிதாக ஒரு சின்னத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கறுப்பில் மூன்று பொன் தலைக்கவசங்கள். ஓரத்தில், தாய்வழி ஃபிட்ஸ்ஜெரால்டுகளை நினைத்துச் சிவப்பு. பெயரே போதுமென்றால் அவருக்கு எதற்குப் புதுசு? அவருடைய கொள்ளுத் தாத்தா பேட்ரிக், வெக்ஸ்ஃபோர்டு கவுண்டியின் டங்கன்ஸ்டவுனிலிருந்து பஞ்சக் காலத்தில் கப்பலேறியவர். பாஸ்டனில் பீப்பாய் செய்து பிழைத்தார்.

ஓனரிடம் காகிதம் இருக்குமா என்றால், அதுவும் கஷ்டம்தான். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதி மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி 1922 உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் எரிந்து சாம்பலானது. பின்னால் எடுத்த சிலவற்றை அரசே அழித்துவிட்டது. நாடு முழுவதற்கும் மிஞ்சியதில் பழையது 1901 கணக்கெடுப்பு. ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பிடித்துப் போனாலும், சாதாரணக் குடும்பங்களில் பலருக்கு 1800 வாக்கில் தடம் நின்றுவிடும். அதற்கு முந்தைய எண்ணூறு வருஷத்தை எந்தக் கடையில் வாங்கினார்?

1901 கணக்கெடுப்பை அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் மகன் ஓனரிடம் அவர் தாத்தாவின் ஊரைக் கேட்கட்டும். திப்பரரி என்றால் பேச்சைத் தொடரலாம். வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் என்றால், ஸ்காட்லாந்துப் பக்கமும் தேடச் சொல்லுங்கள். வாடகை பாக்கி இல்லாத மாதமாகப் பார்த்துக் கேட்பது நல்லது.