மெக்லெண்டன் யாருடைய மாணவர்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்றுநர் ஜான் மெக்லெண்டன் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். கன்சாஸ் பல்கலைக்கழக அணிக்காக ஒருநாள்கூட ஆடாதவரை கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் தலைமாணவர் என்கிறீர்கள். அங்கே பயிற்றுநராக 590 ஆட்டங்களை வென்ற ஃபாக் ஆலனுக்கல்லவா அந்த இடம்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆலனின் பெருமையை நான் குறைக்கவில்லை. கூடைப்பந்துப் பயிற்சியை ஒரு தொழிலாக நிலைநிறுத்தியதிலும், 1936 ஒலிம்பிக்கில் அவ்விளையாட்டு இடம்பெற்றதிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் 1933-இல் மெக்லெண்டன் கன்சாஸில் சேர்ந்தபோது, ஆலனின் அணியில் கருப்பின மாணவர்களுக்கு இடமில்லை. அணிக்கு வெளியே நிறுத்தப்பட்ட அவருக்கு வழிகாட்டி ஆசிரியராக அமைந்தவர் நெய்ஸ்மித். களத்தின் முழு நீளத்திலும் ஆட வேண்டும் என்பதை அவரிடமே கற்றதாக மெக்லெண்டன் சொல்லிவந்தார். பந்து கைக்கு வந்த கணமே, எதிரணி திரும்பிச் சுதாரிப்பதற்குள் மறுமுனைக் கூடையை நோக்கிப் பாயும் வேகத் தாக்குதல் முறையை அவர் வளர்த்தெடுத்தது அந்தப் பாடத்திலிருந்துதான்.

அதன் வலிமையை 1944 மார்ச் 12 அன்று டர்ஹாம் நகரில் காணலாம். வட கரோலினாவில் கருப்பினத்தவருக்கான கல்லூரியின் பயிற்றுநராக இருந்த அவர், டியூக் பல்கலைக்கழகத்தின் வெள்ளை மருத்துவ மாணவர்களைத் தம் அணியோடு மோத அழைத்தார். இனப்பிரிவினை கோலோச்சிய ஊரில் அது ஆபத்தான காரியம். ஆகவே ஊரே தேவாலயத்தில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலையைத் தேர்ந்தார்கள், விருந்தினர் சுற்றுவழிகளில் வந்து, தலையை மேலங்கியால் மறைத்தபடி உள்ளே நுழைந்தார்கள், கதவு பூட்டப்பட்டது. மெக்லெண்டனின் அணி 88-44 என வென்றது. அதோடு கலைந்துபோகாமல், இரு அணிகளும் ஆட்களைக் கலந்து பிரித்துக்கொண்டு, ஒரு பக்கம் சட்டையோடும் மறுபக்கம் வெற்றுடம்போடும் மீண்டும் ஆடின. எனக்கு அந்த 88-ஐவிட, கருப்பரும் வெள்ளையரும் ஒரே பக்கத்தில் நின்ற இந்த இரண்டாம் ஆட்டமே பெரிது. 1996 வரை வெளியுலகுக்கு அது தெரியாது.

வெற்றிகளை எண்ணித்தான் மதிப்பிட வேண்டுமென்றால் அவையும் உண்டு: டென்னசி ஏ அண்ட் ஐ கல்லூரிக்கு 1957, 1958, 1959 என அடுத்தடுத்து மூன்று தேசியப் பட்டங்களை வென்று தந்தார். ஆயினும் நெய்ஸ்மித்தின் பெயர் தாங்கிய கூடைப்பந்துப் புகழ்மன்றம் 1979-இல் அவரைப் பங்களிப்பாளர் என்றே சேர்த்தது; பயிற்றுநர் என்று சேர்த்தது 2016-இல். அவர் இறந்து அப்போது 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.