வாசகர் கேள்வி: மூன்றாவது ரெய்டும் முதல் சந்திப்பும்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. கபடியில் ரைடர். பயிற்சியில் புள்ளிகளை அள்ளுகிறான். திருவிழா மேட்சில் இரண்டு ரெய்டு வெறுமையாகப் போய், மூன்றாவதில் எடுத்தே ஆகணும் என்றால் கால் நகர மாட்டேன் என்கிறது. விளையாட்டு உளவியல் ஆலோசகரைப் பார்க்கச் சொல்கிறார் கோச். அவன் அப்பா கடலுக்குப் போய்விடுவார், நான்தான் கூட்டிப் போகணும். முதல் நாள் என்ன செய்வார்கள்? நானும் உடன் இருக்கலாமா?
– ஒரு வாசகி, தொண்டி

பதில்: முதல் 10 நிமிடம் இருங்கள் அம்மா, பிறகு வெளியே வந்துவிடுங்கள். 18 வயது ஆகாததால் உங்கள் சம்மதம் அவசியம். அவன் சம்மதமும் அதே அளவு அவசியம். அவன் பேசுவது அவனைக் கேட்காமல் உங்களுக்கோ கோச்சுக்கோ போகாது என்பதை உங்கள் இருவர் முன்பும் ஆலோசகர் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலோ, பாலியல் தொல்லை தெரியவந்தாலோ மட்டும் மறைக்க முடியாது. பின்னதைப் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். அவராகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். கோச் அனுப்பிய பிள்ளை 'இது டீம் செலக்‌ஷனுக்குப் போகுமோ' என்ற பயத்தோடுதான் உட்காருவான். அது தெளியாதவரை "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்" என்பதற்கு மேல் வார்த்தை வராது.

அதன்பின் சுமார் 45 நிமிடம் அவனுடையது. கபடிக்கு வந்த கதை, தூக்கம், சாப்பாடு, பழைய காயம் எல்லாம் கேட்பார். மூட்டில் அடிபட்டிருந்தால் காயம் ஆறியும் பயம் ஆற நாளாகும். "ஏன் பயப்படுறே?" என்று நல்ல ஆலோசகர் தொடங்க மாட்டார், ஏன் என்றதும் பிள்ளை காரணம் தேட ஆரம்பித்துவிடுவான். "அந்த மூன்றாவது ரெய்டைச் சொல்லு. நடுக்கோட்டில் நிற்கும்போது கண் எங்கே இருந்தது? 30 நொடியில் எப்போது உள்ளே போனே?" என்பார். பார்வை கார்னரில் நிற்பவன் மீதா, கூட்டத்தில் இருக்கும் உங்கள் மீதா என்பது அப்போதுதான் தெரியவரும்.

ரைடருக்கு வேண்டிய திறமைகளை அவன் வார்த்தையிலேயே எழுதவைத்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று அவனையே போடச் சொல்வதும் உண்டு. விளையாட்டு உளவியலாளர்கள் பட்லரும் ஹார்டியும் 1992இல் முன்வைத்த முறை இது. எதுவும் கேட்காமல் முதல் நாளே மூச்சுப்பயிற்சி கொடுப்பது, வலி எங்கே என்று பார்க்காமல் தைலம் தடவுவது போலத்தான்.

நம் கரையில் எல்லாரும் சொந்தக்காரர்கள். மைதான ஓரமோ டீக்கடையோ இதற்கு ஆகாது. வீடியோவில் பேசுவதானால் தனி அறையும் இயர்போனும் கொடுங்கள். டவர் போனால் யார் யாரைக் கூப்பிடுவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

தூக்கமே இல்லை, சாப்பிடுவதில்லை, சாகணும் என்கிறான் என்றால் முதலில் மனநல மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416இல் எந்நேரமும் எடுப்பார்கள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் "என்ன பேசினீங்க?" என்று கேட்காதீர்கள். "அடுத்து எப்போ வரச் சொன்னாங்க?" என்பது போதும்.