கோல்டு லேபிளுக்குள் இருக்கும் ஊர்

கேள்வி: போன இதழில் க்ளைன்லீஷ் என்ற, யாரும் கேள்விப்படாத ஒரு விஸ்கி டிஸ்டில்லரியை வானளாவப் புகழ்ந்திருந்தீர்கள். பத்து வருடமாக ஜானி வாக்கர் கோல்டு லேபிள் குடிக்கிறவன் நான். அந்த மாதிரி பெயர் பெற்ற சிங்கிள் மால்ட் இருக்கும்போது, ஊர் பேர் தெரியாத சரக்கைப் பற்றி எழுதுவது வெறும் பந்தாதானே?

– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் ஒரு திருத்தம். கோல்டு லேபிள் சிங்கிள் மால்ட் கிடையாது. அது பிளெண்ட். பல டிஸ்டில்லரிகளின் மால்ட் விஸ்கியும், கோதுமை, மக்காச்சோளம் போன்ற தானியங்களில் எடுக்கும் கிரெய்ன் விஸ்கியும் சேர்ந்த கலவை. சிங்கிள் மால்ட் என்று எழுத வேண்டுமானால், முளைகட்டிய பார்லி மட்டும் போட்டு, ஒரே டிஸ்டில்லரியில், செம்பு வாலையில், அதாவது காய்ச்சி வடிக்கும் கலனில் வடித்து, ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் வைத்திருக்க வேண்டும். பத்து வருடமாகக் கையில் பிடித்த பாட்டிலின் லேபிளை ஒரு முறை நின்று படித்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

அடுத்த விஷயம் உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. கோல்டு லேபிள் ரிசர்வின் நடுவில் நின்று அதைத் தாங்குகிற மால்ட் எது தெரியுமா? க்ளைன்லீஷ். தயாரிக்கும் கம்பெனியே சொல்கிற செய்தி இது. ஊர் பேர் தெரியாத சரக்கு என்று நீங்கள் ஒதுக்குவதைத்தான் பத்து வருடமாக விரும்பிக் குடித்து வருகிறீர்கள்.

அங்கே வடிப்பதில் பெரும்பகுதி பிளெண்டுக்கே போய்விடுகிறது. சொந்தப் பெயரில் கடைக்கு வழக்கமாக வருவது 14 வருடப் பாட்டில் ஒன்றுதான். பெயர் வெளியே தெரியாததற்குக் காரணம் அவ்வளவுதான், தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்புறம், பிளெண்டு செய்கிறவர்கள் ஏன் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? மெழுகுக்காக. க்ளைன்லீஷை ஒரு மிடறு வாயில் வைத்தால் நாக்கிலும் உள்கன்னத்திலும் மெல்லிய படலம் போல ஒட்டி நிற்கும். அணைத்த மெழுகுவத்தியின் வாசனையும் வழவழப்பும் அதில் இருக்கும். இது பீப்பாய் மரத்திலிருந்து வருவதில்லை, தொட்டியிலிருந்து வருகிறது. முதல் வடிப்பில் வருவதையும், இரண்டாம் வடிப்பில் ஒதுக்குகிற தலைப்பகுதியையும் கடைப்பகுதியையும் மறுபடி வாலையில் ஏற்றும்வரை தொட்டிகளில் பிடித்துவைப்பார்கள். அதில் உள்ள எண்ணெய்ச் சத்து மெல்லப் பிரிந்து தொட்டியின் உள்சுவரில் பிசுக்காகப் படியும். மற்ற இடங்களில் அதைச் சுரண்டிக் கழுவிவிடுவார்கள். க்ளைன்லீஷில் விட்டுவைக்கிறார்கள். ஒரு சமயம் நன்றாகக் கழுவிவிட்டபோது மெழுகுத் தன்மையும் கூடவே போய்விட்டது, காரணம் புரிந்தது அப்போதுதான். நம் வீட்டில் பழகிய தோசைக்கல்லைப் புளி போட்டுத் தேய்த்து வைத்துப் பாருங்கள், அடுத்த தோசை எடுக்க வராது. அது போலத்தான் இதுவும்.

சரி, ஊருக்கு வருவோம். உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது 'ஊர் பேர் தெரியாத' என்ற அந்தச் சொல்தான். ஊரின் பெயர் புரோரா. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில், சதர்லாந்து வட்டாரத்தில் இருக்கிறது. டிஸ்டில்லரியைக் கட்டியவர் பின்னாளில் சதர்லாந்தின் முதல் ட்யூக் ஆன ஸ்டாஃபோர்டு பிரபு. ஆண்டு 1819. அந்த ஆண்டை மறக்காதீர்கள். அவருடைய ஆட்கள் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த குத்தகை விவசாயிகளைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றிக்கொண்டிருந்ததும் அதே 1819-ல்தான். ஆடு வளர்ப்பில் வருமானம் அதிகம், அதற்கு நிலம் வேண்டும். திரும்பி வந்து குடியேறாதபடி கூரைகளைக் கொளுத்தினார்கள். 1814-ல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் நடந்த வெளியேற்றத்துக்காக பாட்ரிக் செல்லர் என்ற நிலப் பொறுப்பாளர் மீது 1816-ல் இன்வர்னெஸில் வழக்கு நடந்தது. விடுதலை ஆகிவிட்டார்.

விரட்டப்பட்டவர்களில் பலர் கடலோரத்தில் வந்து விழுந்தார்கள். அங்கே அவர்கள் விளைவித்த பார்லிக்கு ஒரு சந்தை வேண்டும், கள்ளத்தனமாக வடிப்பதையும் ஒழிக்க வேண்டும். அதற்காக எழுந்ததுதான் இந்த டிஸ்டில்லரி. உள்ளூர் நிலக்கரிச் சுரங்கத்தின் கரிதான் அதற்கு எரிபொருள். பக்கத்து ஊரான கோல்ஸ்பியின் மலையுச்சியில் அந்தப் பிரபுவுக்குப் பிரம்மாண்டமான சிலை இன்றும் நிற்கிறது. பள்ளத்தாக்கில் இருந்த வீடுகளுக்கு மிச்சம் கல் அடித்தளங்கள்தான். இதைத் தெரிந்துகொண்டு இந்த விஸ்கியைக் குடிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெயர் விஷயத்தில் இன்னொரு கதையும் உண்டு. 1967-68-ல் பழைய கட்டடத்துக்குப் பக்கத்திலேயே ஆறு வாலைகளோடு புதிய டிஸ்டில்லரி கட்டினார்கள். பழையதன் வாலைகளைப் போலவே வடிவம். க்ளைன்லீஷ் என்ற பெயரும் புதியதற்குப் போனது. மூடிய பழைய கட்டடத்தை 1969-ல் மறுபடி திறந்தபோது அதற்கு ஊரின் பெயரை வைத்தார்கள், புரோரா என்று. பிளெண்டுகளுக்கு ஐலா தீவின் புகைவாசனை மால்ட் போதாமல் இருந்த சமயம் அது. அதை ஈடுகட்ட இங்கே பீட் என்ற மக்கிய சதுப்புநில மண்ணை எரித்துப் புகையேற்றிய பார்லியை வடித்தார்கள். 1983-ல் ஸ்காட்ச் தேவைக்கு மேல் குவிந்து கிடந்தபோது அதை ஒரேயடியாக மூடினார்கள். மூடிய பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. மிச்சமிருந்த பீப்பாய்கள் சேகரிப்பாளர்கள் போட்டி போடும் விலைக்குப் போயின. அதே செம்பு வாலைகளைச் செப்பனிட்டு 2021 மே மாதம் மறுபடி தீ மூட்டினார்கள். 38 வருடம் கழித்து! அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எங்கேயோ ஒரு ஊரின் வேலை அந்த ஊருக்கே திரும்பி வந்தது என்ற சந்தோஷம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. வெளிநாட்டிலிருந்து வருகிற நண்பரிடம் க்ளைன்லீஷ் 14 ஒன்று கேட்டு வாங்குங்கள். ஆல்கஹால் 46 சதவீதம், நம்மூர் பாட்டில்களின் 42.8-ஐவிடக் கொஞ்சம் கூடுதல். ஐஸ் வேண்டாம், சோடா வேண்டாம். குளிர்ந்தால் அந்த மெழுகு அடங்கிவிடும். ஒரு கிளாஸில் அதையும் இன்னொன்றில் உங்கள் கோல்டு லேபிளையும் ஊற்றி, இரண்டிலும் அரை ஸ்பூன் தண்ணீர் விட்டு, ஐந்து நிமிடம் பொறுங்கள். முதலில் க்ளைன்லீஷைக் குடித்துவிட்டு அப்புறம் கோல்டு லேபிளைக் குடியுங்கள். அதில் எந்த இடத்தில் க்ளைன்லீஷ் தலைகாட்டுகிறது என்று கண்டுபிடித்து எழுதுங்கள். அந்தக் கடிதத்தை இதே பக்கத்தில் போடுகிறேன்.