பல் வலிக்குப் போனால் கழுத்தை ஏன் தடவிப் பார்க்கிறார்கள்?

ஞானப்பல் வலி என்று போயிருக்கிறீர்கள். டாக்டர் தாடைக்கடியில் தடவி, கழுத்தை அமுக்கி, நாக்கைத் துணியால் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறார். "இது தேவையா, இல்லை பில் ஏற்றும் வேலையா?" என்று கேட்கிறீர்கள். எனக்கு முன்னால் பதில் எழுதிய நாலு பேரும் பில்தான் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்.

நான் பல் மருத்துவர். தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கிளினிக். பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் விளம்பரம் என்பீர்கள்.

முதலில் உங்கள் கழுத்து. ஞானப்பல்லைச் சுற்றி ஈறு வீங்கிச் சீழ் பிடித்தால் தாடைக்கடியில் நெறி கட்டும். அது தொட்டால் வலிக்கும், விரலுக்கு நழுவும், பல் சரியானால் தானாக வடிந்துவிடும். வலியே இல்லாமல், கல் மாதிரி, அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் நெறி வேறு ரகம், அது புற்றுநோயாகவும் இருக்கலாம். விரல் வைத்துப் பார்க்காமல் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? எக்ஸ்ரேயில் பல் தெரியும், எலும்பு தெரியும், இந்த நெறி தெரியாது. ஆக உங்கள் டாக்டர் உங்கள் பல்லுக்காகவும்தான் கழுத்தைப் பார்த்திருக்கிறார். தனியாக ஏதாவது வாங்கினாரா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். கையுறை போட்ட பிறகு இரண்டு மூன்று நிமிஷ வேலை, அவ்வளவுதான்.

இனி நான் எதற்காக இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேனோ அது.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். மடியில் சொளவு, அதில் இலை, புகையிலைத் தூள், நூல். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை குனிந்த தலை நிமிராது. பசிக்கும் அலுப்புக்கும் வாயில் வெற்றிலை பாக்கு. தூள்தான் கையெட்டும் தூரத்தில் கிடக்கிறதே, அதிலும் ஒரு சிட்டிகை.

ஆடுகிற பல்லைப் பிடுங்க ஒருவர் வந்தார். அவர் வாயில் வேறொன்றும் இல்லை. கூட வந்த மனைவிதான் என் கண்ணில் பட்டார். பேசும்போதெல்லாம் சேலை முந்தானை வாய்க்குப் போனது. வார்த்தை பாதி பல்லுக்குள்ளேயே நின்றது. "அக்கா, நீங்களும் ஒரு தடவை உட்காருங்க" என்றேன்.

"அவியளுக்குத்தான பல்லு வலி, எனக்கு என்ன வந்துச்சு?"

"குழம்பு காரமா சாப்பிடுவீங்களா?"

பதில் கணவரிடமிருந்து வந்தது. "அவ ரொம்ப நாளா மோர்ச்சோறுதான் திங்கா. ரசம்கூட எரியுதும்பா."

உட்கார வைத்தேன். வாய் ஒன்றரை விரலுக்கு மேல் திறக்கவில்லை. நல்ல வாயில் அவரவர் விரல் மூன்று செங்குத்தாக நுழையும். கன்னத்தின் உள்பக்கம் வெளிறி, தடவினால் நார் நாராகத் தட்டுப்பட்டது. அது பாக்கு செய்யும் வேலை. "நான் புகையிலை போடல, வெறும் பாக்குதான்" என்று சொல்பவர்களுக்கு ஒன்று: வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே அறிக்கை வெளியிட்டாயிற்று.

கண்ணாடியை வைத்து இடது கன்னத்தை ஒதுக்கினேன். கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டு, வெற்றிலையை அதக்கி வைக்கும் இடம். அங்கே ஒரு வெள்ளைத் திட்டு, துணியால் துடைத்தாலும் போகவில்லை. அதன் நடுவில் சிவப்பாக ஒரு சின்னப் புண், ஓரம் தடித்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு வலியே இல்லை. வலி இருந்தால்தான் எப்போதோ வந்திருப்பாரே. கழுத்தை இரண்டு பக்கமும் பார்த்தேன், கையில் நெறி எதுவும் சிக்கவில்லை.

சதை எடுத்துப் பரிசோதிக்கக் கடிதம் கொடுத்துத் திருநெல்வேலிக்கு அனுப்பினேன். மறுநாள் அவர் தம்பி வந்து நின்றார். "கத்தி பட்டா பரவிரும்லா, எங்க ஊர்ல ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு." இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! சதை எடுத்ததால் அது பரவுவதில்லை. முற்றிப்போன பிறகு சதை எடுக்கப் போகிறார்கள், அப்புறம் எடுத்ததால்தான் பரவியது என்று கத்தி மேல் பழி. அரை மணி நேரம் பேசி அனுப்பினேன்.

புற்றுநோய்தான், ஆரம்ப நிலை. ஆபரேஷனில் கன்னத்தில் கொஞ்சமும் தாடை எலும்பின் விளிம்பும் போயிற்று, கழுத்து நெறிகளையும் எடுத்தார்கள். கதிர்வீச்சு தேவைப்படவில்லை. இப்போதும் பீடி சுற்றுகிறார், வாய் இரண்டு விரலுக்குத் திறக்கிறது. "பாக்கு வாசம் வந்தாலே எந்திரிச்சுப் போயிருவேன் டாக்டரம்மா" என்கிறார். அவர் கணவருக்கு அன்று பல் பிடுங்கிய காசில் பாதி இன்னும் பாக்கி. நான் கேட்கவில்லை.

உடனே ஒருவர் வருவார், "ஒரு கதையை வைத்துப் பேசாதீர்கள், ஆதாரம் எங்கே" என்று. ஆதாரம் பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் 1996-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அதில் ஏழு பஞ்சாயத்துகளில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள், மற்ற ஆறில் ஒப்பிடுவதற்காகப் பார்க்காமல் விட்டார்கள். பார்த்தவர்கள் டாக்டர்கள்கூட இல்லை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். கையில் டார்ச் லைட். 2005-ல் முடிவு வந்தது: புகையிலையோ மதுவோ பழகியவர்களில், வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டும் இல்லாதவர்களிடம் அப்படிச் சொல்லும்படி பலன் தெரியவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அந்த இரண்டாம் வகையாக இருக்கலாம். ஆனால் முகத்தைப் பார்த்து யார் எந்த வகை என்று எனக்கெப்படித் தெரியும்? "பழக்கம் உண்டா?" என்று கேட்டால் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது யார் ஆமாம் என்பார்கள்? மத்திய அரசுத் திட்டத்திலேயே 30 வயது தாண்டியவர்களுக்கு வாய்ப் பரிசோதனை இருக்கிறது. நான் கண்டுபிடித்த வித்தை இல்லை இது.

எல்லாப் பல் டாக்டரும் உத்தமர் என்று நான் சொல்லவில்லை. தேவையில்லாமல் கேப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்குத் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் "பல் டாக்டர்தானே, பல்லோடு நிற்க வேண்டியதுதானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார் பாருங்கள், அந்த "தானே"தான் எனக்குப் பொறுக்கவில்லை. போன ஆவணியில் எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருஷம் படிக்கிற சித்தப்பா பையன் பேருக்கு முன்னால் "டாக்டர்" என்று அச்சடித்திருந்தது. பத்து வருஷத்துக்கு மேலாகக் கிளினிக் நடத்துகிற நான் வெறும் பேர், கீழே அடைப்புக்குறிக்குள் "பல்". சித்தியிடம் கேட்டால் "இடம் பத்தலம்மா" என்கிறார். சரி, விடுங்கள்.

அடுத்த தடவை போகும்போது, பார்த்ததில் ஏதாவது தெரிந்ததா என்று நீங்களே கேளுங்கள், வாயைத் திறந்து சொல்லாத டாக்டர்களும் உண்டு. திட்டு ஏதாவது இருந்தால் எந்த இடம், எவ்வளவு பெரிது என்று சீட்டில் எழுதி வாங்குங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு அது உதவும். கூரான பல் குத்தி வந்த புண்ணாக இருந்தால் பல்லை ராவிவிட்ட பின் இரண்டு வாரத்தில் ஆறிவிட வேண்டும். ஆறவில்லை என்றால் தைலம், தேன் என்று தடவிக்கொண்டிருக்காமல் திரும்பப் போங்கள். வாயைப் போட்டோ எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பாதீர்கள். போட்டோவை அமுக்கிப் பார்க்க முடியாது. பதில் சொல்ல மாட்டேன்.