பெயர்ப் பட்டியல் – கடிதம்

வணக்கம் அக்கா,

நான் திருப்பூர்க்காரன். பனியன் கம்பெனிகளில் சம்பளக் கணக்கு பார்த்துவிட்டு, இப்போது புனோம் பென் பக்கத்தில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அதே வேலைக்கு வந்திருக்கிறேன். நீங்கள் கம்போடியா போய்வந்து எழுதியதைப் படித்திருப்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

இங்கே யாரை எப்படிக் கும்பிட வேண்டும், எப்படிக் கூப்பிட வேண்டும் என்று புரியவில்லை. பிச்சும் பென் என்று ஒரு விழா. பேய்க்குச் சோறு போடுவதற்காக மொத்தத் தொழிற்சாலையும் ஊருக்குக் கிளம்பிவிடுகிறது. மெயில் அனுப்பச் சொன்னால் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார்கள்; டைப் செய்ய அவ்வளவு சோம்பேறித்தனம். இந்த நாட்டு மொழியான கெமரின் எழுத்தில் இருக்கும் பெயர்களை எக்செல்லில் விலுக்கப் (பட்டியலில் தேடியெடுக்கும் வாய்ப்பாடு) போட்டுத் தேடினால், கண்ணெதிரே இருக்கிற பெயரே கிடைப்பதில்லை. பேசாமல் எல்லாப் பெயரையும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடலாம் என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன். கலாசாரத்துக்கும் ஆபீஸ் வேலைக்கும் சேர்த்துச் சில டிப்ஸ் தர முடியுமா? விழாவுக்குப் பலகாரம் கொண்டுவந்து தருகிறார்கள். நான் சைவம். மறுத்தால் தப்பா?

(பெயர் வேண்டாமே)

அன்புள்ள தம்பி,

டிப்ஸ் என்று கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஆனாலும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். சில நாட்களாக, டிடிபி கடை வைத்திருந்த காலத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளைத் தோண்டி, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைகளைவிட அதிகமாக இருப்பவை கண்ணீர் அஞ்சலிகளும் கருமாதிப் பத்திரிகைகளும்தான். செத்துப்போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது, உயிரோடு இருக்கிறவர்களின் பெயர்களை மாற்றிவிடலாம் என்ற உங்கள் யோசனை வந்து சேர்ந்தது.

சின்னக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். கும்பிடுவதற்கு அங்கே சம்பியா என்று பெயர். சமவயதுக்காரர்களுக்கு நெஞ்சருகே, மேலதிகாரிக்கும் வயதில் மூத்தவர்களுக்கும் வாயருகே, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மூக்கருகே, அரசருக்கும் பிக்குகளுக்கும் புருவத்தருகே, சாமிக்கு நெற்றியில். மூத்தவர் ஆணோ பெண்ணோ ‘போங்’. இளையவர் ‘ஓன்’. சித்தப்பா வயதில் இருப்பவர் ‘பூ’, சித்தி வயதில் இருப்பவர் ‘மிங்’. முன்பின் பார்த்திராத என்னை அக்கா என்று எழுதத் தெரிந்தவருக்கு இதில் பாடம் எதற்கு? ஒரு மாதத்தில் தானாக வந்துவிடும். யார் தலையையும் தொடாதீர்கள், குழந்தையாக இருந்தாலும். அவர்கள் குடும்பப் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள் என்பதால், முதல் சொல்லை வெட்டி எடுத்து ‘அன்புள்ள சோக்’ என்று சம்பளச் சீட்டில் போடாதீர்கள். உங்கள் தொழிற்சாலையில் எத்தனை சோக் இருப்பார்களோ.

சோம்பேறித்தனம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே விட முடியாது. காலையில் பெட்டி ரிக்‌ஷாவிலும் டிரக்கிலும் நின்றுகொண்டே வந்து, நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்திருக்கும் பெண்களையும், அவர்களுடைய கணக்கை எழுதும் பிள்ளைகளையும் பார்த்து அந்த வார்த்தையை எப்படி எழுதினீர்கள்? ஃபேஸ்புக் மெசஞ்சரில் உலகம் முழுவதும் போகிற குரல்செய்திகளில் ஏறக்குறையப் பாதி கம்போடியாவிலிருந்து போவதை அந்த நிறுவனமே 2018-இல் கவனித்திருக்கிறது. மொத்த மக்கள்தொகையே சுமார் 1.7 கோடிதான். ஒரு நாடு முழுக்கச் சேர்ந்து சோம்பேறி ஆகிவிட்டதா?

கெமரில் 33 மெய்கள். ஒவ்வொன்றும் இன்னொரு மெய்க்குக் கீழே தொங்கும்போது எடுக்கும் உருவம் வேறு. உயிர்க்குறிகள் முன்னால், பின்னால், மேலே, கீழே என்று சுற்றி உட்காரும். ஒரே உயிர்க்குறி, எந்த மெய்யோடு சேர்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு விதமாக ஒலிக்கும். இவ்வளவையும் ஆங்கிலத்துக்காகச் செய்த விசைப்பலகையில் அடுக்கினால் ஒரு சாவிக்கு இரண்டு எழுத்து, சிலவற்றுக்கு மூன்று. கைப்பேசியில் கேட்கவே வேண்டாம். யூனிகோடில் கெமர் சேர்ந்தது 1999-இல். கீழே தொங்கும் எழுத்தைக் குறியேற்றிய முறை, அதாவது கணினிக்காக அதற்கு எண் கொடுத்த முறை, சரியில்லை என்று கம்போடிய அரசு ஆட்சேபித்தது. அதற்குள் தரம் வெளியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று பதில். 2010-இல் தமிழக அரசு டேஸ் 16 என்று ஒரு குறியேற்றத்தைத் தனியாக ஏற்றதே, அதன் பின்னாலும் இந்த மாதிரி ஒரு மனக்குறைதான். யூனிகோடு பரவும் வரை அங்கே லிமோன் எழுத்துரு, இங்கே பாமினி. நீங்கள் ‘ammaa’ என்று அடித்து அம்மாவை வரவழைக்கும் தலைமுறை என்று நினைத்துக்கொள்கிறேன், அந்த அவஸ்தை தெரியாது. பாமினியில் அம்மா என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று நிற்கும்.

அப்படி ஒரு கருமாதிப் பத்திரிகை. பந்தல் போடுகிற ஒருவர் இறந்துபோனார். நாங்கள் அடித்துக் கொடுத்த கோப்பை டவுனில் ஓர் அச்சகம் வேறு எழுத்துருவில் திறந்திருக்கிறது. மற்ற வரிகளையெல்லாம் திருத்திவிட்டார்கள், பெரிய எழுத்தில் இருந்த பெயரை மட்டும் கவனிக்கவில்லை. அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக அச்சாகிக் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. திரும்ப அடிக்க நேரமில்லை. அச்சகத்துக்காரர் போனில் சொன்ன வழி: “ஆங்கிலத்தில் ஸ்டிக்கர் அடித்துத் தருகிறேன், மேலே ஒட்டிவிடுங்கள். அதுதான் எந்த மிஷினிலும் ஒழுங்காக வரும்.” நான் அதை இறந்தவரின் மனைவியிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, “அவருக்கு இங்கிலீஷ் தெரியாதேம்மா” என்றார்.

அதற்கு மேல் யாரும் ஸ்டிக்கர் பேச்சை எடுக்கவில்லை. மகள், மருமகன், பந்தல் வேலைக்கு வரும் பையன்கள் எல்லோரும் கடைத் தரையில் உட்கார்ந்து, வெள்ளைத்தாள் ஒட்டி, ஒவ்வொரு பத்திரிகையிலும் கறுப்பு மையில் அவர் பெயரை எழுதினார்கள். ஒரு பையனுக்கு எழுத்து கோணல். அதையும் அவர் மனைவி வாங்கி அடுக்கில் வைத்துக்கொண்டார்.

இப்போது உங்கள் பேய்க்குச் சோறு போடும் விழாவுக்கு வருவோம். மகாளயபட்சம் என்று நம் வீடுகளில் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிச்சும் பென் அதே தேய்பிறைப் பதினைந்து நாள். 2024-இல் மகாளய அமாவாசையும் பிச்சும் பென்னின் கடைசி நாளும் ஒரே அக்டோபர் 2-இல் வந்தன. இந்த நாட்களில் முன்னோர்களுக்கு வெளியே வர அனுமதி கிடைக்கிறது, அவர்கள் பிள்ளைகளைத் தேடி விகாரை விகாரையாக அலைகிறார்கள், ஏழு விகாரைகளில் தேடியும் தனக்கென்று யாரும் எதுவும் படைக்கவில்லை என்றால் சபித்துவிட்டுப் போகிறார்கள் என்று நம்பிக்கை. பாவம் மிகுந்த ஆவிகள் வெளிச்சத்தில் வர முடியாது. அதனால் விடியும் முன்பே, நாலு மணி வாக்கில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எள் சேர்த்து உருட்டிய பசையரிசிச் சோற்றை விகாரையைச் சுற்றி இருட்டில் போட்டுவிட்டு வருவார்கள். பொழுது விடிந்ததும் பிக்குகளுக்கு உணவு. செத்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பிக்கு வாசிப்பார். தாத்தா, பாட்டி, அவர்களுக்கு முந்தியவர்கள் என்று நினைவுக்கு எட்டிய வரை.

1975 ஏப்ரல் 17-இல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை புனோம் பென்னுக்குள் நுழைந்து மொத்த நகரத்தையும் வெளியே துரத்தியது. 1979 ஜனவரி வரை சுமார் 17 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் செத்தார்கள். விகாரைகளை மூடினார்கள், பிக்குகளின் காவியைக் கழற்றினார்கள், இந்த விழாவையும் நடத்தவிடவில்லை. எங்கே செத்தார், என்றைக்குச் செத்தார், எந்தக் குழியில் போட்டார்கள் என்று எதுவும் தெரியாத அப்பாக்களும் அண்ணன்களும் உள்ள குடும்பங்கள் அவை. நம்மிலும் திதி தெரியாமல் போனவர்களுக்கு மகாளய அமாவாசையைத்தானே வைத்திருக்கிறோம்? உடம்பு இல்லை, தேதி இல்லை, பாதிப் பேருக்குப் படமும் இல்லை. பெயர் மட்டும் மிச்சம். அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட ப்ரேவெங்குக்கும் ஸ்வாய் ரியெங்குக்கும் கிளம்பிப் போகிற பெண்ணைப் பற்றித்தான் ‘மொத்தத் தொழிற்சாலையும் கிளம்பிவிடுகிறது’ என்று எனக்குப் புகார் எழுதுகிறீர்கள். தீபாவளிக்குத் திருப்பூரே காலியாகி பஸ் ஸ்டாண்டில் நிற்குமே, அப்போது யாருக்காவது கடிதம் போட்டீர்களா?

சரி, எக்செல். உங்கள் கேள்விகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கண்ணெதிரே இருக்கிற பெயர் ஏன் கிடைப்பதில்லை? கெமரில் சொல்லுக்குச் சொல் இடம்விட்டு எழுதும் வழக்கம் இல்லை. வரியை எங்கே உடைக்கலாம் என்று கணினிக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக அகலமே இல்லாத ஓர் இடைவெளியைப் போடுவார்கள். கணினியின் கெமர் விசைப்பலகையில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் விழுவது அதுதான்; கண்ணுக்குத் தெரியும் இடைவெளி வேண்டுமென்றால் ஷிஃப்ட்டோடு தட்ட வேண்டும். ஒருவர் அந்த ஒளிந்த இடைவெளியை ஒரு தடவை தட்டியிருப்பார், இன்னொருவர் இரண்டு தடவை, மூன்றாமவர் தட்டாமலே விட்டிருப்பார். திரையில் மூன்றும் ஒரே பெயர். எக்செல்லுக்கு மூன்று ஆட்கள். எழுத்தை எண்ணும் லென் போட்டுப் பாருங்கள், எண்ணிக்கை வேறு வேறாக வரும்.

எக்செல்லில் சுத்தம் செய்கிற ட்ரிம் அதைத் தொடாது, க்ளீனும் தொடாது. சப்ஸ்டிட்யூட் போட்டு, யூனிகார் 8203 (அந்த ஒளிந்த இடைவெளியின் எண்) இருக்கும் இடத்தையெல்லாம் வெறுமையாக மாற்றுங்கள். அதற்கும் அகப்படாமல் சில பெயர்கள் மிஞ்சும். கெமரில் ‘த’வும் ‘ட’வும் கீழே தொங்கும்போது ஒரே மாதிரிதான் இருக்கும். சிந்தா என்ற பெயரை ஒருவர் அதை வைத்து அடித்திருப்பார், இன்னொருவர் இதை வைத்து. இங்கே லென்னும் கைவிட்டுவிடும், இரண்டுக்கும் ஒரே நீளம். யூனிகோடில் கீழே தொங்கவைக்கும் குறி 6098, ‘ட’ 6026, ‘த’ 6031. 6098-ஐ அடுத்து 6026 வருகிற இடங்களை 6098, 6031 என்று மாற்றிவிட்டால் சேர்ந்துகொள்ளும். ஔவையாரை ‘ஒ’வும் ‘ள’வும் போட்டு அடித்த கோப்புகள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன, அந்தக் கதைதான்.

இந்தச் சுத்தம் எல்லாவற்றையும் வேறொரு நெடுவரிசையில் ஒரு நகலில் செய்யுங்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த பெயர் அப்படியே இருக்கட்டும், அதில் கை வைக்க வேண்டாம். பக்கத்தில் அடையாள அட்டையில் இருக்கிற ஆங்கில எழுத்துகளை, ஒரு எழுத்துகூட மாற்றாமல் பார்த்து அடியுங்கள். வங்கிக்கு அது வேண்டும். நீங்களாகக் காதில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதக் கிளம்பினால் ஒரே பெயர் சான் என்றும் சான்ன் என்றும் ஷான் என்றும் கிளை விடும். இன்றைக்கு விலுக்கப்பில் கிடைக்காத பெயர் அப்போது அட்டையிலும் கிடைக்காது, ஒருத்தியின் சம்பளம் இன்னொருத்தி கணக்கில் போய் விழும். தேடுவதைத் தொழிலாளர் எண்ணை வைத்துத் தேடுங்கள். பெயரைச் சாவியாக வைத்துச் சம்பளம் போடுகிறவரைத் திருப்பூரில் ஒரு முதலாளியும் வைத்துக்கொள்ள மாட்டார், உங்களுக்குத் தெரியாததா? மேனேஜரிடம் போய், முன்பு சொன்ன யோசனை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தக் கடிதத்திலேயே நீங்கள் செய்ய வேண்டிய வேலை அது ஒன்றுதான்.

வாய்ஸ் மெசேஜ் வரட்டும், கேளுங்கள். எண்ணையும் தேதியையும் மட்டும் அடித்து அனுப்பச் சொல்லுங்கள், செய்வார்கள். நாலு வார்த்தை கெமர் கற்றுக்கொண்டு நீங்களும் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் ஆபீஸே கூடிக் கேட்டுச் சிரிக்கும். நல்லதுதான்.

பலகாரத்தை மறுக்காதீர்கள், இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வாழையிலையில் உருளையாகச் சுற்றியிருப்பது அன்சாம். பெரும்பாலும் உள்ளே பாசிப்பருப்போடு பன்றிக்கறி இருக்கும், அது உங்களுக்கு ஆகாது. வாழைப்பழம் வைத்தது அன்சாம் சேக். அதைக் கேட்டு வாங்குங்கள், சைவம் என்றால் அவர்களுக்குப் புரியும், சில பிக்குகளும் விரதக்காரர்களும் அங்கேயும் உண்டு. மீந்தால் மறுநாள் தணலில் வாட்டித் தின்னலாம், எனக்கு அதுதான் பிடித்தது.

அன்புடன்,
அக்கா