கணினி இல்லாத வகுப்பில் ஸகாத் கணக்கு

கேள்வி: தரம் 5 மாணவருக்கு இஸ்லாம் பாடம் எடுக்கிறேன். சிந்தித்தல், ஆக்கத்திறன், தொடர்பாடல், கூடி வேலை செய்தல் என்று 21ஆம் நூற்றாண்டுத் திறன்களை இந்தப் பாடத்திலும் வளர்க்கச் சொல்கிறார்கள். வகுப்பில் கணினி இல்லை. பெற்றோரோ ஸூராக்களை, அதாவது குர்ஆன் அத்தியாயங்களை, பாடமாக்கினால் போதும் என்கிறார்கள். என்ன செய்வது?
- ஓர் ஆசிரியை, சம்மாந்துறை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

பாடமாக்குவதைக் குறைக்காதீர்கள். ஸூரா தெரியாமல் பிள்ளை எப்படித் தொழும்? பெற்றோர் கேட்பது நியாயம்தான். அது போக மிஞ்சும் நேரத்துக்குத்தான் நான் சொல்வது.

உங்கள் ஊரைச் சுற்றி வயல். வெட்டுக் காலத்தில் ஸகாத், அதாவது கட்டாய தர்மம், பற்றிய பாடத்தை எடுங்கள். ஸகாத் கடமையாவதற்கான குறைந்தபட்ச அளவான நிஸாபை எட்டிய விளைச்சலில், மழையாலோ ஆற்று நீராலோ விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று என்பது நபிமொழி. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "உங்கள் வீட்டு வயல் இதில் எது?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு பிள்ளையின் வாப்பா மழையை நம்பி விதைத்திருப்பார். இன்னொருவரின் வயலுக்குச் சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் வாய்க்காலில் வரும். வேறொருவர் மோட்டார் வைத்து இறைத்து, எண்ணெய்க்கே காசைக் கொட்டியிருப்பார். நாலைந்து பேராகச் சேர்ந்து வீட்டில் விசாரித்து வரட்டும். 80 மூடை விளைந்தால் கொடுக்க வேண்டியது 8 மூடையா, 4 மூடையா? இறைப்பவருக்கு ஏன் பாதி? சிரமத்தைக் கணக்கில் எடுக்கும் நீதி அங்கே பிள்ளைக்குத் தானாகப் பிடிபடும்.

வாய்க்கால் தண்ணீரை ஆற்று நீராக எடுப்பதா, இறைத்ததாக எடுப்பதா என்பதில்தான் பிள்ளைகளுக்குள் சண்டை வரும். வரட்டும், சகோதரி. ஒவ்வொரு குழுவும் எழுந்து தன் காரணத்தைச் சொல்லட்டும், மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்கட்டும். ஆனால் மார்க்கத் தீர்ப்பைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள், நீங்களும் அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். எல்லோரும் சேர்ந்து கேள்வியைக் கொப்பியில் எழுதி, ஊர் மௌலவியிடம் கேட்டு வரட்டும். வயலின் விவரங்களை விடாமல் எழுதினால்தான் அவரால் பதில் சொல்ல முடியும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

வுழு, அதாவது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் சுத்தமாவது, பற்றிய பாடத்துக்கு ஒரு வாளியும் ஒரு லீற்றர் போத்தலும் போதும். நபியவர்கள் ஒரு 'முத்' தண்ணீரில், அதாவது இரு கையும் நிறைய அள்ளும் அளவில், வுழுச் செய்தார்கள். குழாயைத் திறந்து வுழுச் செய்யும்போது எவ்வளவு விழுகிறது என்று பிள்ளைகளே அளக்கட்டும்.

அப்புறம், குர்ஆனில் வரும் ஹுத்ஹுத் பறவையின் கதை. அது ஸபா நாட்டுச் செய்தியைக் கொண்டுவந்தபோது, நீ சொல்வது உண்மையா என்று பார்ப்போம் என்றார் ஸுலைமான் நபி. வீட்டுப் போனில் வட்ஸ்அப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்ல வேண்டும்.

தவணை முடிவில் பெற்றோரை அழைத்து, அந்த நெல்லுக் கணக்கைப் பிள்ளைகளையே விளக்க விடுங்கள். தொடங்கும்போது அதே பிள்ளைகள் ஒரு ஸூராவையும் ஓதட்டும்.