வெள்ளைக்காரர் கட்டிய சீன வேஷம்

வணக்கம் சார்,

சீன வம்சாவளி அமெரிக்க நடிகை அன்னா மே வாங்குக்கு 'தி குட் எர்த்' (1937) படத்தில் சீன விவசாயியின் மனைவியான ஓ-லான் வேடம் தராதது அநியாயம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வேடத்தில் நடித்த லூயிஸ் ரெய்னருக்கு ஆஸ்கரே கிடைத்ததே! அப்படியானால் ஸ்டுடியோவின் தேர்வு சரிதானே?

ச.

அன்புள்ள ச.,

ரெய்னர் நல்ல நடிகை. அதில் சண்டையே இல்லை. ஆனால் இருவரும் போட்டியிட்டு ஒருவர் தோற்றிருந்தால்தானே திறமையைப் பற்றிப் பேசலாம்?

கதாநாயகனாக பால் முனி என்ற வெள்ளையர் முடிவானதுமே கதை முடிந்துவிட்டது. அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி எழுத்தில் தடுத்தது கறுப்பர்-வெள்ளையர் உறவைத்தான். ஸ்டுடியோக்கள் ஆசியர்களையும் அதில் சேர்த்துக்கொண்டன. கலிபோர்னியாவில் வெள்ளையரும் சீனரும் கல்யாணம் செய்துகொள்ளவே 1948 வரை சட்டம் இடம் தரவில்லை. ஆக, முனி சீன விவசாயியாக வேஷம் கட்டலாம். அந்த வேஷத்துக்கு மனைவியாக நிஜமான சீனப் பெண் வரக்கூடாது!

வாங்குக்கு அவர்கள் காட்டியது குடும்பத்தைக் கலைக்க வரும் லோட்டஸ் வேடம். மனைவி என்றால் விதி தடுக்கும், இரண்டாம் தாரம் என்றால் கண்ணை மூடிக்கொள்ளும் போலிருக்கிறது. நல்ல வேடங்களெல்லாம் மற்றவர்களுக்கு, கெட்டது மட்டும் சீனப் பெண்ணான எனக்கா என்று அவர் மறுத்துவிட்டார்.

சம்பளக் கதை இன்னும் மோசம். 'டாட்டர் ஆஃப் தி டிராகன்' (1931) படத்தில் அவருக்கு 6,000 டாலர். சற்று நேரமே வந்துபோகும் சீன வில்லனாக நடித்த வார்னர் ஓலண்டுக்கு 12,000. ஓலண்ட் ஸ்வீடன்காரர்.

லாஸ் ஏஞ்சலஸில் சலவைக்கடைக்காரர் மகளாகப் பிறந்த பெண், 17 வயதில் 'தி டோல் ஆஃப் தி சீ' (1922) படத்திலேயே நாயகி. அதிலும் குழந்தையை வெள்ளைக்காரியிடம் கொடுத்துவிட்டுக் கடலில் போய்ச் சாகவேண்டும். இப்படிச் செத்துச் செத்து அலுத்துத்தான் 1928-இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார் என்று நினைக்கிறேன். அங்கே ஜெர்மன் கற்று, அந்த மொழியிலேயே நடித்தார்.

சரி, என் பேச்சை விடுங்கள். 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' (1932) பாருங்கள். மார்லீன் டீட்ரிச்தான் நாயகி, வாங்குக்கு வசனமும் குறைவு. இருவரும் சேர்ந்து வரும் காட்சிகளில் உங்கள் கண் யாரிடம் போகிறது என்று மட்டும் எழுதுங்கள்.